பரண் மேல் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள்!

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. "சில்வர் பீச்" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தந்தை கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தாயார் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக் கொண்டிருப்பார். சின்னப் பெண் மணலில் வீடு கட்டிக் கொண்டிருப்பாள். மூத்த பையன் என்ன செய்கிறான்? அலையில் கால் நனைக்கிறானா? இல்லை. குனிந்த தலை நிமிராமல், அப்பாவின் செல்போனைத் தட்டிக் கொண்டிருக்கிறான்.

"என்னடா அது?"

"கேம்ப்பா!"

ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல் இன்று எத்தனை வீடுகளில் சண்டையை மூட்டி விடுகிறது! "படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று பெற்றோர் கோபப்படுகிறார்கள். "இந்த ஒரு ஆட்டம் மட்டும்" என்று பிள்ளை கெஞ்சுகிறான். போனைப் பிடுங்குகிறார்கள். பிள்ளை சாப்பிடாமல் படுத்துக் கொள்கிறான்.

யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. "அந்த ஆட்டம் யாருடையது?" என்பதுதான் அந்தக் கேள்வி.

தாயத்துக்கு முதலாளி யார்?

நம் பாட்டிமார்கள் தாயம் ஆடினார்கள். பல்லாங்குழி ஆடினார்கள். தாத்தாமார்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் தூக்கம் வராமல் இருக்கப் பரமபதம் ஆடினார்கள்.

தமிழ்நாட்டின் பழைய கோயில் மண்டபங்களுக்குப் போனால் தரையைக் கவனியுங்கள். பல இடங்களில் ஆடுபுலிக் கட்டத்தைக் கல்லிலேயே கீறி வைத்திருப்பார்கள். யார் கீறியது? தெரியாது. யாருக்குச் சொந்தம்? எல்லோருக்கும் சொந்தம்.

தாயத்துக்கு முதலாளி யாராவது உண்டா? கிடையாது. ஒரு சாக்குக்கட்டி இருந்தால் போதும். திண்ணையில் கட்டம் போட்டு விடலாம். புளியங்கொட்டையைத் தேய்த்தால் பகடை. சோழி கிடைத்தால் அதுவும் ஆகும். "ஒரு காயையாவது வெட்டினால்தான் பழத்துக்குப் போகலாம்" என்பது சில ஊரில் சட்டம். வேறு ஊரில் அந்தச் சட்டம் கிடையாது. பிள்ளைகள் தங்களுக்குள் பேசிச் சட்டத்தை மாற்றிக் கொள்வார்கள். யாரும் வழக்குப் போட மாட்டார்கள்!

இப்போது பையன் கையில் இருக்கும் செல்போன் ஆட்டத்தைப் பாருங்கள். அதற்கு முதலாளி உண்டு. அவர் எங்கோ இருக்கிறார். ஆட்டத்தின் சட்டத்தை அவர்தான் எழுதுகிறார். உள்ளே நுழையக் காசு வேண்டாம். நுழைந்த பிறகு ஒவ்வொன்றாக வரும். வீரனுக்கு நல்ல சட்டை வேண்டுமா? பணம் கட்டு. பெரிய துப்பாக்கி வேண்டுமா? பணம் கட்டு. தோற்றுப் போனாயா? விளம்பரம் பார்த்துவிட்டு மறுபடி வா!

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டம் எத்தனை குடும்பங்களைச் சாய்த்தது என்பது நாடறிந்த கதை. அதனால்தான் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பண ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நல்லதுதான். ஆனால் சூதாட்டத்தை விரட்டினால் மட்டும் போதாது. பிள்ளைக்கு வேறு நல்ல ஆட்டம் ஒன்றைக் கொடுக்க வேண்டும் அல்லவா? வயிறு பசித்தவனிடம் "கெட்ட சோறு தின்னாதே" என்று மட்டும் சொன்னால் எப்படி?

நல்ல ஆட்டங்கள் இருக்கின்றன. ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. அவற்றை ஆடும் கருவி பல வீடுகளில் பரண் மேல் தூசி படிந்து கிடக்கிறது! அது எப்படி என்று பார்ப்போம்.

கோலமும் புள்ளியும்

மார்கழி மாதம். சிதம்பரம் கீழ வீதி. விடிவதற்கு முன்பே வாசலில் பெரிய கோலம். எதிர்வீட்டுப் பெண் வந்து நின்று பார்க்கிறாள்.

"அழகா இருக்கே அக்கா! எத்தனை புள்ளி?"

"பதினைந்து புள்ளி. ஊடு புள்ளி வைத்து எட்டில் நிறுத்து."

அவ்வளவுதான். மறுநாள் அந்தக் கோலம் எதிர்வீட்டு வாசலிலும் பூத்து விடும். அந்தப் பெண் சும்மா இருப்பாளா? ஓரத்தில் இரண்டு தாமரையைச் சேர்த்திருப்பாள். அதற்கு அடுத்த நாள், முதல் வீட்டு அக்காவே அந்தத் தாமரையைப் பார்த்துப் போட்டுக் கொள்வாள். கோலம் யாருக்கும் குறையவில்லை. வீதிக்கே அழகு கூடியது.

கம்ப்யூட்டரில் ஓடும் ஒவ்வொன்றும் ஒரு கோலம் மாதிரிதான். திரையில் நாம் பார்ப்பது கோலம். அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் எழுதிய வரிகள் இருக்கின்றன. "இந்தப் பொத்தானை அமுக்கினால் வண்டி ஓட வேண்டும், சுவரில் மோதினால் நிற்க வேண்டும்" என்பது போன்ற கட்டளைகள் அவை. அதற்கு "மூல நிரல்" என்று பெயர். அதுதான் புள்ளிக் கணக்கு.

சில கம்பெனிகள் கோலத்தைக் காட்டும். புள்ளிக் கணக்கைக் காட்டாது. கேட்டால் அது ரகசியம்! சிதம்பர ரகசியம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோமே, அது போல. சிதம்பரத்துக் கோயிலிலாவது திரையை விலக்கிக் காட்டுகிறார்கள். இந்தக் கம்பெனிகள் திரையை விலக்குவதே கிடையாது.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். "இந்தா புள்ளிக் கணக்கு! நீயும் போடு, மாற்று, பிறருக்கும் கொடு" என்கிறார்கள். இவர்கள் தருவதுதான் "திறந்த மூல மென்பொருள்". "கட்டற்ற மென்பொருள்" என்றும் சொல்வார்கள்.

21 வயது மாணவர்

எந்தக் கம்ப்யூட்டரும் ஓட வேண்டுமானால், அடியில் ஒரு மேஸ்திரி வேண்டும். கீபோர்டு, திரை, நினைவகம் எல்லாவற்றையும் வேலை வாங்கும் மேஸ்திரி. அதற்கு "இயங்குதளம்" என்று பெயர். விண்டோஸ் என்பது அப்படி ஒரு இயங்குதளம். அது மைக்ரோசாப்ட் கம்பெனியின் சொத்து.

1983-ம் ஆண்டு, அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் ஒரு முடிவு செய்தார். யாரும் எடுத்துப் பார்க்கவும், மாற்றவும், பிறருக்குத் தரவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை உண்டாக்கப் போவதாக அறிவித்தார். "குனு" என்று அதற்குப் பெயர் வைத்தார்.

1991-ம் ஆண்டு, பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தம் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக இயங்குதளத்தின் நடுப்பகுதியை எழுதினார். அவருக்கு அப்போது வயது 21. பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். எழுதியதைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்குக் கொடுத்தார். அதுதான் லினக்ஸ். அதன் சின்னம் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும் ஒரு பென்குவின் பறவை. பெயர் டக்ஸ்.

லினக்சுக்கு உள்ள முக்கியமான நிபந்தனை ஒன்றே ஒன்று. "எடுத்துக் கொள். மாற்றிக் கொள். ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது, நீயும் புள்ளிக் கணக்கைக் கொடுத்து விடு!" எவ்வளவு நியாயம் பாருங்கள்!

இலவசம் என்றால் மட்டமாக இருக்குமோ என்று சிலர் நினைக்கலாம். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அப்படி நினைக்கக் கூடாது! வடலூரில் வள்ளலார் 1867-ம் ஆண்டு மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறது. காசு வாங்கவில்லை என்பதற்காக அந்தச் சோற்றை மட்டம் என்று யாராவது சொன்னது உண்டா?

லினக்சும் அப்படித்தான். உலகத்தின் மிகப் பெரிய 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017-ம் ஆண்டு முதல் லினக்சில்தான் ஓடுகின்றன. அவ்வளவு ஏன்? சில்வர் பீச்சில் பையன் தட்டிக் கொண்டிருக்கிறானே, அந்த ஆண்ட்ராய்டு போனின் அஸ்திவாரமும் லினக்ஸ்தான்! அஸ்திவாரம் எல்லோருக்கும் பொது. ஆனால் மேலே கட்டிய வீட்டில் பல அறைகளுக்குப் பூட்டுப் போட்டு விட்டார்கள்.

அரசு கொடுத்த இரண்டாவது வாசல்

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் உள்ள "சி-டாக்" என்ற மத்திய அரசு நிறுவனம், லினக்சை நம் நாட்டுக்கு ஏற்றபடி அமைத்து 2007-ம் ஆண்டு வெளியிட்டது. அதற்கு "பாஸ்" என்று பெயர். தமிழ் உள்பட இந்திய மொழிகளில் வேலை செய்யலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று "எடுபாஸ்" என்ற தனி வகையும் வந்தது.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிளஸ்-2 படிக்கும் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் என்று பல லட்சம் பேர் வாங்கினார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்ட பிள்ளைகள் அவர்களில் ஏராளம்.

திட்டத்தின் தொடக்கத்தில் வந்த லேப்டாப்களில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். பொத்தானை அமுக்கியதும் "எந்த வாசல் வழியாக வருகிறாய்?" என்று லேப்டாப் கேட்கும். பிள்ளைகள் எந்த வாசலைத் திறந்தார்கள்? பெரும்பாலோர் விண்டோஸ் வாசலைத்தான் திறந்தார்கள். கடைக்காரருக்குத் தெரிந்தது அது. நண்பனுக்குத் தெரிந்தது அது. இரண்டாவது வாசலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. "இடத்தை அடைக்கிறது" என்று சொல்லி, அந்த வாசலையே சுவர் வைத்து மூடியவர்களும் உண்டு!

அந்தத் தவறுக்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்கள், சாவியை எப்படித் திருகுவது என்று சொல்லித் தரவில்லை. அதுதான் குறை.

ஆண்டுகள் ஓடின. படித்த பிள்ளை வேலைக்குப் போய் விட்டது. லேப்டாப் பரண் ஏறி விட்டது. விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான பாதுகாப்புப் பராமரிப்பை, 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு பல பழைய லேப்டாப்களில் கிடையாது. "இது இனி உதவாது, எடைக்குப் போட்டு விடலாம்" என்கிறார்கள்.

போடாதீர்கள்! லேப்டாப் சாகவில்லை. பழைய மேஸ்திரிதான் விலகி விட்டார். எடை குறைந்த லினக்ஸ் வகைகள் பல உண்டு. அவற்றில் ஒன்றை ஏற்றினால், அந்தப் பழைய லேப்டாப்பே எழுந்து உட்காரும்.

என்னென்ன ஆடலாம்?

வாசலைத் திறந்தாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது?

சின்னக் குழந்தைகளுக்கு "ஜிகாம்பிரி" இருக்கிறது. ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கியது இது. "எனக்குப் புரிந்து விட்டது" என்ற பிரெஞ்சு வாக்கியம்தான் பெயருக்கு மூலம். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்காரர்களைக் கேளுங்கள்! இதில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு ஆட்டங்கள் இருக்கின்றன. கடிகாரம் பார்க்கலாம். கூட்டல் கழித்தல் பழகலாம். சதுரங்கம் ஆடலாம். மழைநீர் எப்படி ஆற்றுக்கு வந்து, வீட்டுக் குழாய்க்கு வருகிறது என்பதைக்கூட ஆடிப் பார்க்கலாம்.

கணக்கு என்றால் ஓடும் பிள்ளைக்கு "டக்ஸ் மேத்". வானத்திலிருந்து எரிகற்கள் விழும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு கணக்கு. ஏழு எட்டு எவ்வளவு? 56 என்று தட்டினால் கல் வெடித்துச் சிதறும். தட்டாவிட்டால் தலையில் விழும்! வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய இதைவிடச் சுவையான வழி கிடைப்பது கடினம்.

வண்டிப் பந்தயம் வேண்டுமா? "சூப்பர் டக்ஸ் கார்ட்" இருக்கிறது. பென்குவின் பறவை வண்டி ஓட்டும். ஒரே லேப்டாப்பில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆடலாம். மிகவும் பழைய லேப்டாப் என்றால் கொஞ்சம் திணறும். காட்சியின் தரத்தைக் குறைத்துக் கொள்ள வேண்டும்.

பெரிய பிள்ளைகளுக்குப் "பேட்டில் பார் வெஸ்நாத்". 2003-ம் ஆண்டு தொடங்கிய ஆட்டம். சதுரங்கம் போல நிதானமாக யோசித்துப் படை நடத்த வேண்டும். விரல் வேகம் இங்கே உதவாது. மூளை வேகம்தான் உதவும்.

சரித்திரப் பிரியர்களுக்கு "0 ஏ.டி." என்று ஒன்று. பழங்காலப் பேரரசுகளின் படைகளை நடத்தும் ஆட்டம். ரோமர்கள் உண்டு. கிரேக்கர்கள் உண்டு. நம் மௌரியர்களும் உண்டு. சந்திரகுப்தரும் அசோகரும் யானைப் படையோடு வருகிறார்கள்! இதற்குக் கொஞ்சம் புதிய, பலமான கம்ப்யூட்டர் வேண்டும்.

கட்டடம் கட்டப் பிடிக்குமா? "லுவான்டி". முன்பு "மைன்டெஸ்ட்" என்று பெயர். கட்டை கட்டையாக அடுக்கி ஊரையே எழுப்பலாம். ஒரு பிள்ளை நினைத்தால் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையும், நடுவே ஓடும் வாய்க்கால்களையும் அமைத்துப் பார்க்கலாம்.

இவற்றில் எதிலும் "பணம் கட்டு" என்ற மிரட்டல் இல்லை. சட்டை வாங்கு, துப்பாக்கி வாங்கு என்ற நச்சரிப்பு இல்லை. ஒரு முறை ஏற்றி விட்டால், தனியாக ஆட இணையமும் வேண்டாம். தாயார் போன் கணக்கில் இருந்து பணம் போய் விடுமோ என்ற பயமும் வேண்டாம்.

உள்ளே கை வைக்கலாம்

இதுவரை சொன்னது பாதி நன்மைதான். மீதிப் பாதிதான் பெரியது.

வெஸ்நாத் ஆட்டத்தில் ஒரு வில்வீரன் இருக்கிறான். அவனுக்கு எவ்வளவு உயிர்ப்பலம், அவனைப் படையில் சேர்க்க எத்தனை பொன் என்பதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் எழுதியிருக்கும். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைத் திறந்து படிக்கலாம். எண்ணை மாற்றலாம். சேமித்துவிட்டு மறுபடி ஆடிப் பார்த்தால், வீரன் பீமனாகி நிற்பான்! பையன் துள்ளுவான். இரண்டு ஆட்டம் ஆடிய பிறகு அவனுக்கே சலித்து விடும். "இப்படி எளிதாக ஜெயித்தால் ருசி இல்லையே!" என்று எண்ணைக் குறைப்பான். நியாயமான ஆட்டம் என்றால் என்ன என்று அவனே யோசிக்கத் தொடங்குவான்.

அந்த நிமிடத்தில் என்ன நடந்தது? அதுவரை ஆட்டம் அவனை ஆட்டியது. இப்போது அவன் ஆட்டத்தை ஆட்டுகிறான்.

கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுத் தர ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் காலம் இது. அந்தக் கல்வியின் முதல் பாடம் இங்கே ஆட்டத்தோடு ஆட்டமாக வந்து விடுகிறது. லுவான்டியில் புதிதாக ஒரு மரமோ, கதவோ உண்டாக்க "லுவா" என்ற மொழியில் சில வரிகள் எழுதினால் போதும்.

பெரிய கம்பெனிகளே இந்த வழியில் வந்தது உண்டு. "டூம்" என்ற ஆட்டம் 1993-ம் ஆண்டு வந்து உலகைக் கலக்கியது. அதைச் செய்தவர்கள் 1997-ம் ஆண்டு அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்து விட்டார்கள். அதைப் படித்துப் படித்துத் தொழில் கற்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

தமிழுக்கும் இதில் வேலை உண்டு. இந்த ஆட்டங்களில் வரும் சொற்களையெல்லாம் மொழிபெயர்க்க வழி திறந்தே இருக்கிறது. கம்பெனியிடம் மனுப் போட வேண்டாம். "தமிழில் வராதா?" என்று ஏங்கவும் வேண்டாம். தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்த எவரும் உட்கார்ந்து செய்யலாம். தமிழாசிரியர் செய்யலாம். வீட்டிலிருக்கும் தாய்மார்கள் செய்யலாம்.

குறையும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகி விடும். லினக்சில் குறையும் இருக்கிறது.

பையனின் நண்பர்கள் ஆடும் எல்லா ஆட்டமும் இதில் ஓடாது. "வேலரன்ட்", "போர்ட்நைட்" போன்றவை லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆட முடியாதவை. "அபெக்ஸ் லெஜெண்ட்ஸ்" என்ற ஆட்டம் முன்பு ஓடியது. 2024-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில் அந்தக் கம்பெனி கதவை அடைத்து விட்டது. ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கக் கம்பெனிகள் ஒரு காவல்காரனை வைக்கின்றன. அந்தக் காவல்காரனை லினக்சில் நம்பி நிறுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

விண்டோசுக்காகச் செய்த மற்ற ஆட்டங்களை லினக்சில் ஓட்ட வழி இருக்கிறது. "ஒயின்" என்ற மென்பொருள் 1993-ம் ஆண்டு முதல் இந்த வேலையைச் செய்கிறது. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் துபாஷி போல! வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி, அதை மேலும் செப்பனிட்டு 2018-ம் ஆண்டு "புரோட்டான்" என்று வெளியிட்டது. 2022-ம் ஆண்டு "ஸ்டீம் டெக்" என்ற கையடக்க ஆட்டக் கருவியையும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது ஓடுவது லினக்சில்! வால்வ் நடத்தும் "ஸ்டீம்" கடையின் கணக்கெடுப்பில், 2025 அக்டோபரில் லினக்சில் ஆடுவோர் நூற்றுக்கு 3 பேரைத் தாண்டினார்கள். சிறிய எண்ணிக்கைதான். ஆனால் வளர்கிறது.

ஆனால் அந்தக் கடையும் காசுக்குத்தான் விற்கிறது. விற்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை திரை போட்டு மூடியவை. பெரிய ஆட்டங்கள் பரண் மேல் இருக்கும் பழைய லேப்டாப்பில் ஓடவும் ஓடாது. அந்த ஆசையோடு லேப்டாப்பை இறக்கினால் ஏமாற்றம்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நல்ல ஆட்டமானாலும் அளவு மீறினால் கெடுதிதான். பொங்கல் நல்லது என்று ஒரு பானையையும் தின்று விட முடியுமா? காசு கேட்காத ஆட்டமும் தூக்கத்தைத் தின்னும். ஆகவே லேப்டாப் கூடத்தில் இருக்கட்டும். கதவை மூடிய அறையில் வேண்டாம். நேரத்தை முன்பே பேசி வையுங்கள். முடிந்தால் பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுங்கள். தோற்றால்தான் என்ன? அப்பாவைத் தோற்கடித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். சண்டை பாதி தீர்ந்து விடும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

முதலில் குடும்பத்தினர். பரணைப் பாருங்கள். லேப்டாப்பை இறக்குங்கள். அதில் கல்யாணப் படம், காதுகுத்துப் படம் ஏதாவது இருந்தால் முதலில் பத்திரமாக வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். லினக்சை ஒரு பென் டிரைவில் வைத்தே ஓட்டிப் பார்க்கலாம். பழையதை அழிக்க வேண்டியதில்லை. பிடித்தால் பிறகு ஏற்றிக் கொள்ளலாம்.

அடுத்து கல்லூரி மாணவர்கள். சிதம்பரத்தில் 1929-ம் ஆண்டு முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் தண்ணீர் பட்ட பாடு. மாதம் ஒரு சனிக்கிழமை கிள்ளைக்கும், பரங்கிப்பேட்டைக்கும், புவனகிரிக்கும் போய், பழைய லேப்டாப்களுக்கு லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கலாமே! பக்கத்து விழுப்புரத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத் தரும் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. "கணியம்" என்ற மின்னிதழ் 2012-ம் ஆண்டு தொடங்கி, இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதி இலவசமாகத் தந்திருக்கிறது. விழுப்புரத்தில் முடிந்தது கடலூரில் முடியாதா?

கடலூரிலும் சிதம்பரத்திலும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "லினக்ஸ் ஏற்றித் தரப்படும்" என்று ஒரு பலகை வையுங்கள். லினக்சுக்கு விலை கிடையாது. உங்கள் உழைப்புக்குக் கூலி வாங்குவதில் தவறும் கிடையாது.

கடைசியாக அரசு. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது கைக்கணினி தரப்படும் என்று 2025-26-ம் ஆண்டு பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. பழைய திட்டத்தில் நடந்த தவறு மறுபடி நடக்கக் கூடாது. கருவியைக் கொடுக்கும்போது, இரண்டாவது வாசலைத் திறக்கும் விதத்தைப் படம் போட்டு விளக்கும் சிறு தமிழ்ப் புத்தகம் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதில் நல்ல ஆட்டங்களின் பட்டியலும் இருக்க வேண்டும். பாடத்துக்காக லினக்ஸ் வாசலைத் திறக்காத பிள்ளைகூட ஆட்டத்துக்காகத் திறப்பான். உள்ளே வந்தபின் பாடம் தானாக ஒட்டிக் கொள்ளும்.

ஆட்டத்தை வீட்டை விட்டு விரட்ட யாராலும் முடியாது. ஆடாமல் வளர்ந்த தலைமுறை எதுவும் இல்லை. திண்ணையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு, தங்களுக்குள் சட்டம் பேசி ஆடியவர்களின் பேரப் பிள்ளைகள் இவர்கள். அந்தச் சாக்குக்கட்டியை மறுபடி இவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

அது தொலைதூரத்தில் இல்லை. உங்கள் வீட்டுப் பரண் மேல்தான் இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு முக்காலியைப் போட்டு ஏறிப் பாருங்கள்!